நோவு போன செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் அன்ரனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் எல்லோரும் கடிதம் தொடங்குவார்கள். நான் நலம். நீ நலமில்லை என்பது எனக்குத் தெரியும், ஆகவே அறிய ஆவலில்லை. தாளின் தலையில் ஒரு சின்னச் சிலுவை கீறிவிட்டு எழுதுங்கோ என்று பேனையைத் தரும்போதே உன்னைப் பெத்த கொம்மா சொன்னாள். கோபத்தில் கீறினால் சிலுவை கத்தி மாதிரி வரும் என்று சொல்லி அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு கடலுக்கு இறங்கியவன் எழுதுகிற கடிதம் இது. எழுத்து பொத்தல் வலை மாதிரித்தான் இருக்கும். பொத்தலுக்குள்ளால் சிரித்துக்கொண்டு நழுவப் பார்க்காமல் கடைசிவரை வாசி. நீ நழுவுவதில் கெட்டிக்காரன், என் பிள்ளையல்லவா.

கொழும்பிலிருந்து கிளாலிக் கடல்வழியால் வந்த பெடியனிடம் நீ கொடுத்துவிட்ட கடிதம் கிடைத்தது. சீலைக்கு நிறம், மோதிரத்துக்கு அளவு, கலியாண மண்டபத்தில் எத்தனை கதிரை என்றெல்லாம் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் வாலில் கட்டிவிட்ட மாதிரி ஒரு வரி எழுதியிருக்கிறாய். இடப்பக்க விலாவில் மூச்சு இழுக்க ஒரு கிழமையாக நோவு இருந்ததாம், இப்போது அது தானாகப் போய்விட்டதாம், யோசிக்க வேண்டாமாம். கொம்மா அந்த வரியை வாசித்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டாள். "பாத்தியளே, அந்தோனியார் கைவிடேல்லை" என்றாள். வருகிற செவ்வாய்க்கிழமை கோயிலில் பாண் கொடுக்க வேண்டும் என்று உடனே பேக்கரிக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டாள். நானோ அந்த ஒரு வரியைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். நோவு வந்தது என்று மட்டும் எழுதியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். போய்விட்டது என்று எழுதினாயே, அதற்குத்தான் பயம். உன் வீட்டில் நோவு போன கதை ஒன்று ஏற்கனவே இருக்கிறது. பதினாறு வயதில் காய்ச்சலோடு கிடந்ததால் உனக்கு அதில் பாதி தெரியாது. மீதிப் பாதியை மறக்க விரும்புகிறாய். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

அது வாடைக் காலம். யாழ்ப்பாணக் கோட்டை ஆமியின் பீரங்கிச் செல் விழுந்துகொண்டிருந்ததால் ஆழத்துக்குப் போக முடியாது. கரையோடு கரையாக நின்று, கிடைக்கிற சூடையையும் நண்டையும் அள்ளிக்கொண்டு வருவோம். நெஞ்சுமட்டத் தண்ணீரில் நின்று வலை இழுத்துவிட்டு வந்து நீ காய்ச்சலில் படுத்தாய். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ இடப்பக்க விலாவில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றாய். அரைவாசி மூச்சுக்கு மேல் இழுக்க முடியவில்லை. இருமல் வந்தால் கையால் விலாவைப் பொத்திக்கொண்டு இருமினாய். நான் வழமைபோல் ஏதோ பகிடி விட்டேன். "சிரிக்கப் பண்ணாதேங்கோ அப்பா, சாகப் போறன்" என்று அழுதாய். என் பகிடிக்கு அழுத முதல் ஆள் நீதான். கொம்மா அழுவது வேறு கணக்கு, அது என்னைக் கட்டியதற்கு.

வலை இழுத்ததில் நரம்பு பிடித்துவிட்டது என்று அயலுக்குள் ஏகமனதாகத் தீர்ப்பாயிற்று. எங்களுடைய குருநகர்க் கடற்கரைச் சனத்துக்கு நெஞ்சுக்குள் என்ன வந்தாலும் பிடிப்புத்தான். கடல்காரனின் உடம்பில் கயிறும் நரம்பும் மட்டும் இருப்பதாக நினைப்பு. நல்லெண்ணெய் சூடாக்கி உருவினார்கள். உப்புப் பொட்டணம் கட்டி ஒற்றினார்கள். என் அக்கா, உன் மாமி, முழங்காலில் நின்று நேர்த்தி வைத்தாள்: நோவு போனால் அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைப் பூசை முடிய ஏழைகளுக்குப் பாண். அந்தோனியார் பாவம், அவர் என்ன செய்வார், நாங்கள் கேட்டதைத்தான் கொடுத்தார். நோவைப் போக்கு என்றோம், நோவு போனது. ஒரு விடிய நீ எழும்பி, "அப்பா, இப்ப குத்தேல்லை" என்றாய். மூச்சை இழுத்துக் காட்டினாய். மாமி பெருங்குரலில் செபமாலை தொடங்கினாள். அந்தச் செவ்வாய்க்கிழமை நீயே பனையோலைக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு நின்று பாண் கொடுத்தாய். வரிசை முடிய முன் கடகத்தை நிலத்தில் வைத்துவிட்டு மதிலோடு சாய்ந்தாய். "மாப்பிளைக்குக் களைப்பு" என்று நான் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் உன் நெஞ்சுக்குள் சீழ் ஏறிக்கொண்டிருந்தது, மகன். நாங்கள் அதற்குப் பாண் கொடுத்துக் கொண்டாடினோம்.

பிறகு வந்ததெல்லாம் நோவில்லாத வருத்தம், நோகாத நோய். அது எங்களுக்கு வருத்தமாகவே தெரியவில்லை. பின்னேரம் ஆனால் உடம்பு சுடும், விடிய வேர்த்து விறைக்கும். சாறம் இடுப்பில் நிற்காமல் வழுகியது. எப்போதும் இடப்பக்கமாகவே சரிந்து படுத்தாய். வள்ளத்தடிக்கு நடந்து போவதற்கு இடையில் இரண்டு தரம் நின்றாய். பெடியனுக்குக் காதல் வந்துவிட்டது என்று ஒருவன் சொன்னான், செய்வினை என்று இன்னொருத்தி சொன்னாள். ஒருவரும் நெஞ்சு என்று சொல்லவில்லை, ஏனென்றால் நெஞ்சு நோகவில்லை. கடைசியில் நீ மாமி வீட்டு வாசலில் மயங்கி விழுந்த அன்றுதான் சைக்கிள் பாரில் உன்னை இருத்திப் பெரியாஸ்பத்திரிக்கு உழக்கினேன். வீதியில் ஒரு குருவி இல்லை. "பாரமா இருக்கிறன் என்னப்பா" என்று கேட்டாய். "உன்னிலும் பாரமான திருக்கை எல்லாம் இதிலை ஏத்தியிருக்கிறன், அதுகள் கதைக்கிறேல்லை, நீ கதைக்கிறாய், அவ்வளவுதான்" என்றேன். பாரமே இல்லை. அதனால்தான் இன்னும் வேகமாக உழக்கினேன்.

அங்கே இருந்த டொக்டர் இளம் ஆள், நித்திரை இல்லாத கண். உன் முதுகில் ஒரு விரலைப் படுக்க வைத்து, மற்றக் கை விரலால் அதன்மேல் தட்டினார். மேலே இருந்து கீழே தட்டிக்கொண்டு வந்தார். வலப்பக்கம் டங் டங் என்று கேட்டது. இடப்பக்கம் பாதி வழியில் சத்தம் செத்துப் போனது, ஈர மணலில் தட்டுகிற மாதிரி.

"என்ன டொக்டர், நாங்கள் மண்ணெண்ணெய்ப் பீப்பா தட்டிப் பாக்கிற மாதிரியெல்லே பாக்கிறியள்" என்றேன்.

"அதுதான் அண்ணை இதுவும். மேலை வெறும் பீப்பா, கீழை நிரம்பின பீப்பா" என்றார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் உன் முதுகில் விரித்து வைத்து, "தொண்ணூற்றொன்பது எண்டு சொல்லும் தம்பி" என்றார்.

"அவனுக்கு அவ்வளவு தூரம் எண்ணத் தெரியாது டொக்டர், மீன் பேர் ஏதும் கேளுங்கோ" என்றேன். அவர் முதல்முறை சிரித்தார். "சரி, பாரை எண்டு சொல்லும்." நீ பாரை, பாரை என்றாய். டொக்டர் தன் கையை எடுத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்து உன் முதுகில் வைத்தார். வலக்கைக்குள் உன் குரல் நடுங்கியது, பிடித்த மீன் உயிரோடு துடிக்கிற மாதிரி. இடக்கைக்குள் ஒன்றுமில்லை. சும்மா தோல். என் பிள்ளை கதைக்கிறான், அவனுடைய ஒரு பக்கம் கதைக்கவில்லை. அந்தக் கை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

ஊசி போட்டு இழுத்தார். வந்தது தண்ணீரல்ல, கட்டிக் கூழ். நாற்றத்துக்கு நான் யன்னல் பக்கம் திரும்பினேன், மீன் நாற்றத்தில் பிறந்தவன். எக்ஸ்றே பிலிம் தட்டுப்பாடு என்றாலும் எங்கேயோ வைத்திருந்த ஒன்றை எடுத்துப் படம் பிடித்தார்கள். அதில் உன் இடப்பக்கம் வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது. "நோவு போய்க் கன நாளாச்சு டொக்டர், பிறகு எப்பிடி?" என்று கேட்டேன். அவர் எனக்குச் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதமே அதற்காகத்தான். "சுவாசப்பையைச் சுத்தி ஒரு தோல், நெஞ்சுக்கூட்டின்ரை உள்பக்கம் ஒரு தோல். ரெண்டும் ஒட்டினபடி வழுக்கிக்கொண்டு போய்வரும். நோய் வந்து வீங்கினால் ஒண்டோடை ஒண்டு உரஞ்சும், அதுதான் குத்து. இடையிலை தண்ணியோ சீழோ சேர்ந்தால் ரெண்டும் விலகீடும், உரஞ்ச இடமில்லை. நோவு நிண்டது சுகம் வந்ததாலை இல்லை அண்ணை, சீழ் வந்ததாலை. குத்து நிண்ட அண்டைக்குத்தான் நீங்கள் ஓடி வந்திருக்க வேணும்." அன்றைக்கு நாங்கள் பாண் வாங்க ஓடினோம் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

விலாவில் துளைபோட்டுக் குழாய் விட்டார்கள். குழாயின் மற்ற நுனி நிலத்தில் இருந்த போத்தலில் தண்ணீருக்கு அடியில். நீ மூச்சு இழுக்கத் தண்ணீர் குழாயில் ஏறும், விட இறங்கும். போத்தலை நெஞ்சுக்கு மேலே ஒருநாளும் தூக்கக்கூடாது, உள்ளதெல்லாம் திரும்ப நெஞ்சுக்குள் போய்விடும் என்று மிஸி, அந்த வாட்டுத் தாதி, என்னை மிரட்டி வைத்திருந்தா. நான் தூண்டில் மிதப்பைப் பார்க்கிற மாதிரி அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். செல் கிட்ட விழத் தொடங்கினால் எழும்பக்கூடியவர்கள் எல்லோரும் கட்டிலுக்குக் கீழே போவார்கள். நீ நிலத்தில் படுத்தால் போத்தலும் நெஞ்சும் ஒரே மட்டம். குழாயை நெரிக்கிற இடுக்கி ஒருமுறை எங்கேயோ உருண்டு போய்விட்டது. நான் குழாயை மடித்து இரண்டு கையாலும் நெரித்துப் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில் குப்புறக் கிடந்தேன். "அப்பா, கையை விட்டிடாதேங்கோ" என்றாய். "விட்டால் கொம்மா என்னை விடாள்" என்றேன். பக்கத்துக் கட்டிலுக்குக் கீழே கிடந்த கிழவர் ஒருவர், "செல்லுக்கை பகிடி விடுறான் பார், குருநகரான்" என்று ஏசினார். கை விறைத்த பிறகும் நெரித்தபடிதான் இருந்தேன். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

சீழைச் சோதித்ததில் சயம், அந்தக் காசநோய், என்று வந்தது. விழுங்கக் குளிசை தொடங்கினார்கள். உன் மூத்திரம் ஒரேஞ் சோடா மாதிரிப் போனது, அதற்கு நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மிஸி வந்து பேசிவிட்டுப் போனா. ஆனால் குளிசைக்கும் குழாய்க்கும் உன் நெஞ்சு முழுதாக மசியவில்லை. பிந்தி வந்ததால் அந்தத் தோல் தடித்து மரப்பட்டை மாதிரி ஆகிவிட்டது, உள்ளே சுவாசப்பை விரிய முடியாமல் கிடக்கிறது, இடையில் குழி நிற்கிறது, குழி நிற்கும்வரை சீழும் நிற்கும் என்றார் டொக்டர். கொழும்பில் நெஞ்சைத் திறந்து அந்தத் தோலை உரித்தெடுப்பார்களாம். பதினாறு வயதுத் தமிழ்ப் பெடியனைக் கொழும்புக்குக் கொண்டுபோகிற காலமா அது? அடையாள அட்டை இருந்தாலும் பிடிப்பார்கள், இல்லாவிட்டாலும் பிடிப்பார்கள். நெஞ்சுக்குப் போய் உயிரை விட்டுவிட்டு வரவேண்டும். ஆகவே இங்கேயே விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, வாய் வைத்த மாதிரித் திறந்து விட்டார்கள். அந்த வாய்க்கு ஒரு வருசத்துக்கு மேல் நான் சோறு ஊட்டினேன், அவித்த உப்புத் தண்ணீரும் துணி நாடாவும். வீட்டுக்கு வந்த பிறகு மாமி பார்த்துவிட்டு, "தோல் மூடிக்கொண்டு வருகுது, சுகம்தான், துணியை அடையாதை" என்றாள். மிஸி எனக்குச் சொல்லியிருந்தது நேர் எதிர்: அடி நிரம்பி மேலே வர வேண்டும். மேல் மூடி அடி திறந்திருந்தால் அது சுகமல்ல, பொறி. ஒவ்வொரு நாளும் நீ பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, மூடப் பார்க்கிற தோலைப் பிரித்துப் பிரித்துத் துணி வைத்தேன். நீ என்னைத் தூசணத்தால் பேசினாய். கேட்கச் சந்தோசமாக இருந்தது, பேச மூச்சு இருக்கிறது என்று.

இனி நீ மறக்க விரும்புகிற பாதி. வாட்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெடியன், காலில் செல் பட்டவன். அவனைப் பார்க்கச் சனம் இளநீரோடும் தோடம்பழத்தோடும் வரும், முன்பின் தெரியாத ஆட்கள் தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். உன் கட்டிலைத் தாண்டும்போது முந்தானை மூக்குக்குப் போகும். மாமிகூட ஒரு தரம்தான் வந்தாள். வீட்டில் தேத்தண்ணி குடிக்கிற உன் பேணிக்குச் சுண்ணாம்பால் புள்ளி வைத்துத் தனியாகத் தூக்கிப் போட்டவளும் அவள்தான். நோவு போனதற்குப் பாண் கொடுத்த கை, நோய் வந்ததற்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை. ஒருநாள் ஒரு ரீச்சர் அம்மா அந்தப் பெடியனைப் பார்த்துவிட்டு உன் பக்கம் திரும்பி, "இதுவும் செல்லோ தம்பி?" என்று கேட்டா. நீ என்னைப் பார்த்தாய். "ஓம் ரீச்சர்" என்றாய். நான் சும்மா இருந்தேனா? "கோட்டையிலை இருந்து வளைஞ்சு வந்து விலாவிலை இறங்கினது ரீச்சர், இவன்ரை பேர் எழுதியிருந்தது" என்றேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிஸ்கட் பெட்டி ஒன்றை உன் மடியில் வைத்தா. அவ போன பிறகு பெட்டியை உடைத்துத் தின்றோம். பதினாறு வயதில் தனித்துக் கிடக்கிற பிள்ளை ஒரு பிஸ்கட்டுக்குச் சொன்ன பொய், அதில் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. அந்தப் பொய்யை நீ இருபத்தைந்து வயதில் கலியாணச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நிற்கிறாயே, அதில்தான் கோபம்.

கொம்மாவின் தம்பி, உன் கொம்மான்தான் இந்தச் சம்பந்தம் பேசியவன். கொழும்பில் கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு பெண்வீட்டாருக்கு அவன் சொன்னது எனக்கும் தெரியும். "மாப்பிளைக்கு விலாவிலை ஒரு காயம், செல் பட்டது, மற்றும்படி சுத்தம்" என்று சொல்லிவிட்டு வந்து, "அத்தான், செல் எண்டால் அவைக்கு மரியாதை, சயம் எண்டால் வாசலோடை திருப்பி அனுப்பிப்போடுவினம்" என்று எனக்கும் விளக்கம் எழுதினான். என்ன ஊரடா நம்முடைய ஊர். எவனோ வந்து நெஞ்சைப் பிளந்தால் அது கௌரவம், ஒரு கிருமி வந்து பிளந்தால் அது குலத்துக்கு இழுக்கு. காயத்திலும் சாதி பார்க்கிற சனம். அவன் எழுதியதை நீ மறுக்கவில்லை. இப்போது இடப்பக்கம் திரும்பவும் குத்தியிருக்கிறது. செல் பட்ட காயம் ஒன்பது வருசத்துக்குப் பிறகு மூச்சு இழுக்கக் குத்தாது என்று பெண்வீட்டில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, நீ டொக்டரிடம் போகவில்லை. அதுதானே விசயம்? இல்லை என்று எழுதாதே. உன் மூஞ்சையைப் பார்க்காமலே தெரியும்.

எனக்கு எரிகிறது எதில் என்று சொல்லவா? இங்கே ஒரு பிலிமுக்காக ஆஸ்பத்திரி வாசலில் தவம் கிடந்தோம். குளிசை எப்போது வரும், கப்பல் எப்போது வரும் என்று பார்த்துப் பார்த்து உன் நாட்களை ஓட்டினோம். நீ இப்போது இருக்கிற ஊரில் தெருவுக்குத் தெரு படம் பிடிக்கிறார்களாம். நெஞ்சைத் திறந்து தோல் உரிக்கிற பெரிய டொக்டர்மாரும் அங்கேதானாம். பதினாறு வயதில் எந்த ஊருக்கு உன்னைக் கொண்டுபோக முடியாமல் நான் அழுதேனோ, அந்த ஊரின் நடுவில் நின்றுகொண்டு, நோவு போய்விட்டது என்று எனக்கு எழுதுகிறாய். புறக்கோட்டை இரும்புக்கடையில் நாள் முழுக்க இரும்பு தூக்குகிற ஆம்பிளைக்கு, சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு தகட்டில் நெஞ்சை வைத்து மூச்சை அடக்க நேரமில்லை. மண்டபத்துக் கதிரை எண்ண நேரமிருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், உனக்குத் தெரியாது. றெஜினா கொம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். நீ கட்டப்போகிற பிள்ளை, கையெழுத்து முத்து முத்தாக. "மாமி, அவருக்கு அந்தக் காயம் குளிர் நாளிலை நோகுமோ? என்ன எண்ணெய் பூசுறனீங்கள்? அவரைக் கேட்டால் பகிடி விட்டு மாத்திறார்" என்று கேட்டிருந்தாள். கொம்மா பதில் எழுதவில்லை. என்ன எழுதுவாள்? மாமிமார் சீழைக் கண்டு மூக்கைப் பொத்தின வீட்டில், பார்க்காத காயத்துக்கு எண்ணெய் கேட்கிற ஒரு பெண் பிள்ளை வருகிறது. அவளுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு செல்லைச் சுற்றிக் கொடுத்திருக்கிறோம். அந்த நோய் திரும்பியிருந்தால் அவள் மூச்சுவிடுகிற அறைக்குள்தான் நீயும் மூச்சுவிடப் போகிறாய். மற்றவர்களுக்குத் தொற்றுமோ தொற்றாதோ என்று டொக்டர் சொல்லட்டும், கொம்மான் சொல்லக் கூடாது.

ஆகவே இதைச் செய். தவக்காலம் முடிந்துதானே கலியாணம், நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அவள் வீட்டுக்குப் போவாய் என்று தெரியும். தகப்பன் தாய் வீட்டில் இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும், ஊர் கதைக்க இடம் வைக்காதே. சட்டையைக் கழற்று. அவளை உன் பின்னால் நிற்கச் சொல்லி, இரண்டு உள்ளங்கையையும் விரித்து, தோள்பட்டைக்குக் கீழே வலமும் இடமுமாக வைக்கச் சொல்லு. பிறகு குரலை அடித்தொண்டையிலிருந்து எடுத்துப் பேசு. பாரை என்று சொல்லித் தொலைக்காதே, பிள்ளை பயந்துவிடும். அவளுடைய பேரைச் சொல்லு. றெஜினா, றெஜினா என்று இரண்டு மூன்று தரம் சொல்லு. உன் இடப்பக்கம் வலப்பக்கத்தளவு ஒருநாளும் நடுங்காது, பழைய தடிப்பு இருக்கிறது. ஆனால் நீ கிளாலியில் வள்ளம் ஏறின அன்றைக்கும் நான் கை வைத்துப் பார்த்தேன், சின்ன மீன் கொத்துகிற அளவுக்கு அங்கே துடிப்பு இருந்தது. அதுகூட இல்லை என்று அவள் சொன்னால், மறுநாள் விடிய ஆஸ்பத்திரிக்குப் போ. இருக்கிறது என்று சொன்னாலும் போ. படம் எடுக்காமல் என் கைக்கும் சாட்சியில்லை, அவள் கைக்கும் சாட்சியில்லை. படம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் பிறகு ஏன் கை என்று கேட்பாய். கை வைக்கிறவள் காயத்தைப் பார்ப்பாள், அதற்கு. செல் காயம் கண்ட கண் அதைச் செல் என்று சொல்லாது. கத்தியால் நேராகக் கீறி, விரல் பதிகிற அளவுக்குக் குழிந்து கிடக்கிறது. "இது என்ன?" என்று கேட்பாள். அப்போது பகிடி விட்டு மாற்றாதே. பகிடி விட்டு மாற்றுகிற வித்தையை நீ யாரிடம் பழகினாய் என்று எனக்குத் தெரியும், அவனே சொல்கிறான், இந்த ஒரு இடத்தில் அது வேண்டாம். முதல் சொல்லிலிருந்து சொல்லு: வலை, குத்து, பாண், போத்தல், சயம். பிஸ்கட்டையும் சொல்லு.

ஓடினால் ஓடட்டும். தாலி ஏற முன் ஓடுகிறவள் உனக்கு நல்லதுதான் செய்கிறாள். கொம்மான் குதிப்பான், மண்டபக்காரன் ஏசுவான், உன் மாமி இங்கே இருந்து சுண்ணாம்பு கரைப்பாள். ஒருவரும் உனக்காகப் போத்தல் பிடித்தவர்களல்ல. அவள் ஓடாவிட்டால், அவளைப் படம் எடுக்கிற இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போ. டொக்டர் சொல்வதைக் கேட்க இரண்டு பேர் வேண்டும், நோயாளிக்குப் பாதிதான் காதில் விழும். குளிசை தந்தால், உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிற்பாட்ட விடமாட்டாள், எண்ணெய் கேட்கிற பிள்ளை அதையும் கேட்பாள். கொம்மா கலியாணத்துக்கு வெள்ளைச் சீலை மடித்து வைத்திருக்கிறாள், எனக்கும் ஒரு புது வேட்டி இருக்கிறது. ஆனால் படம் எடுத்தாய் என்று ஒரு செய்தி வராமல் நான் கிளாலியில் வள்ளம் ஏறமாட்டேன். அப்பா இல்லாமல் கோயிலுக்குள் போய் நின்று பார்.

கொம்மா சொல்லிவைத்த பாணை வேண்டாம் என்று சொல்ல நானே இன்று பேக்கரிக்குப் போனேன். "என்ன அண்ணை, மோனுக்குச் சுகம் வந்திட்டுதாமெல்லே, ஏன் பாணை நிப்பாட்டுறியள்?" என்று கேட்டான்.

"நோவுதான் போயிருக்கு தம்பி. சுகம் இன்னும் வந்து சேரேல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். தாளின் தலையில் சிலுவைக்கு விட்ட இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் குழாயை இன்னும் நெரித்துப் பிடித்திருக்கிற
அப்பா